கலகமும் கண்ணாடி அலுமாரியும்

ஒரு சமுதாயம் தான் அஞ்சும் கலையை இருவகையாக அடக்கலாம். தடைசெய்தல் ஒன்று, விலைகூறி அலுமாரியில் அடுக்கிவைத்தல் மற்றொன்று. முதலாவதை நாம் எளிதில் இனங்கண்டு எதிர்க்கிறோம். பொலிசும் நீதிமன்றமும் தணிக்கைச் சபையும் கண்முன்னே நிற்கும் எதிரிகள். இரண்டாவதோ மரியாதையின் வேடம் பூண்டு வருகிறது. அதனை நண்பனெனக் கொள்வதா, எதிரியெனக் கொள்வதா என்று துணிதல் அத்துணை எளிதன்று.

மேனாட்டிலே, சிறப்பாக அமெரிக்காவிலே, 1960களிலும் 1970களிலும் மறைவாக எடுக்கப்பட்டு மறைவாகக் காட்டப்பட்ட சில திரைப்படங்கள் இன்று புத்துருப் பெறுகின்றன. சமூகம் ஒழுக்கமென்று போற்றியவற்றையெல்லாம் வேண்டுமென்றே மீறிய படங்கள் இவை. கீறல்கள் நீக்கப்பட்டு, ஒலி தெளிவாக்கப்பட்டு, அறிஞர் கட்டுரைகள் அடங்கிய சிறுநூலோடும் அழகிய உறையோடும் புளூ-ரே தட்டுகளாக அவை வெளிவருகின்றன. அவற்றை ஆர்வத்தோடு வாங்கிச் சேர்ப்போர் உளர். இச்சேகரிப்பு கலகத்தைக் காக்கின்றதா, அன்றிக் கலகத்தைப் புதைக்கின்றதா? இதுவே நாம் ஆராய விழையும் வினா.

ஜக் ஸ்மித் 1963இல் வெளியிட்ட ‘பிளேமிங் கிறீச்சர்ஸ்’ என்னும் படத்தை முதலில் நோக்குவோம். நியூயோர்க் நகரில் ஒரு படமாளிகையின் கூரைமீது, காலங்கடந்த மலிவான படச்சுருளிலே எடுக்கப்பட்டது அது. ஆணும் பெண்ணும் என்ற வகுப்பையே நகையாடிய அப்படத்தை 1964 மார்ச்சில் பொலிசார் கைப்பற்றினர். அதைக் காட்டிய ஜோனஸ் மெகாஸ் முதலியோர் கைதாகிக் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். தண்டனை மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால், ஸ்மித்தின் சினம் பொலிசாரோடு நின்றுவிடவில்லை. தம் படத்தைக் காத்துப் புகழ்பரப்பிய மெகாஸையே அவர் பின்னாளில் கொள்ளைக்காரரென ஏசினார். வாடகை வாங்கி வாழும் வீட்டுடைமைக்காரரை வெறுத்த அவர், முடிந்துபோன கலைப்பொருள் என்பதையும் வெறுத்தார். தம் பிற்காலப் படங்களைத் திரையிடும் வேளையிலேயே அவற்றை வெட்டியும் ஒட்டியும் மாற்றிக்கொண்டிருந்தார். முடிவுற்ற பொருளை விற்கலாம். முடிவுறாத செயலை விற்றல் அரிது. இதை அவர் உணர்ந்திருந்தாரென்றே தோன்றுகிறது. 1989இல் அவர் வறியராய் மறைந்தார். நண்பர்கள் காப்பாற்றிய அவரது படைப்புகள் வழக்கு ஒன்றின் பின்னர் 2008இல் ஒரு கலைவணிக நிலையத்தின் உடைமையாயின. உடைமையை எதிர்த்த கலைஞனுக்கு உடைமைச் சமுதாயம் செய்த இறுதி மரியாதை இது.

மற்றொரு சான்று ஜோன் வாட்டர்ஸ். பால்ட்டிமோர் நகரத்து நண்பர்களைக் கூட்டி அவர் 1970இல் எடுத்த ‘மல்டிபிள் மேனியக்ஸ்’ ஏறக்குறைய ஐயாயிரம் டொலரிலே முடிந்த படம். 1972இல் வந்த ‘பிங்க் பிளமிங்கோஸ்’ நாயின் மலத்தை உண்ணும் இறுதிக் காட்சியாலே பேர்போனது. அந்நகர் அமைந்த மேரிலாந்து மாநிலத்திலே 1916 முதல் 1981 வரை திரைப்படத் தணிக்கைச் சபை ஒன்று இருந்தது. ஐக்கிய அமெரிக்க மாநிலங்களிலே கடைசிவரை நிலைத்த சபை அதுவே. சபை மறைந்தது; படம் மறையவில்லை. 2021இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் ‘பிங்க் பிளமிங்கோஸ்’ படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. மறுவருடமே கிறைற்றீரியன் நிறுவனம் அதைப் புதுக்கித் தட்டாக வெளியிட்டது. இது வெற்றியா, சரணாகதியா?

இரண்டுமென்றே நாம் கூறுவோம். தடைக்கும் சேகரிப்புக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதிலும் நெருங்கியது. ழான் ஜெனே 1950இல் எடுத்த ஒரே படமாகிய ‘அன் ஷான்ட் டமூர்’ இதனை நன்கு விளக்கும். சிறைக் கைதிகளின் காதலைப் பேசும் இம்மௌனப் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட இயலாத காலத்திலே, பிரதிகள் செல்வந்தச் சேகரிப்பாளருக்கு இரகசியமாக விற்கப்பட்டன. அமெரிக்காவிலோ 1966இல் கலிபோர்னியா மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஆபாசமெனத் தீர்த்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஆக, மக்கட் கூட்டத்துக்குக் குற்றமாயிருந்தது பணம்படைத்தவனின் தனியறைக்கு அரும்பொருளாயிற்று. தடை விலையை ஏற்றிற்று. விலை தடையின் நோக்கத்தை நிறைவேற்றிற்று. 1975இல் பிரெஞ்சு அரசின் திரைப்பட நிறுவனம் அப்படத்துக்குப் பரிசளிக்க முன்வந்தபோது ஜெனே அதனை ஏற்க மறுத்தார். அம்மறுப்பின் கூர்மை இன்றைய அலுமாரிகளுக்கும் பொருந்தும்.

எனினும், சேகரிப்பாளரை ஏளனஞ்செய்து வினாவை முடித்துவிடுதல் நேர்மையாகாது. படச்சுருள் அழியும் பொருள். அசற்றேற்றுச் சுருள் ஈரத்தினாலும் வெப்பத்தினாலும் சிதைந்து, வினாகிரி நாற்றம் வீசி, சுருங்கிப் பயனற்றுப்போகும். பெரிய படத்தொழிற் கம்பனிகளின் படங்களுக்குக் களஞ்சியங்களும் பல பிரதிகளும் உண்டு. வறிய கலகக்காரனின் படத்துக்கோ ஒன்றிரண்டு பிரதிகளே எஞ்சும். ஒவ்வொரு சட்டகமாகப் பதிவுசெய்து, கறையகற்றி, நிறத்தைச் சீராக்கும் தொழிலாளியின் உழைப்பு இல்லையேல், தணிக்கையாளன் முடிக்காத வேலையைக் காலமே முடித்துவிடும். அவ்வுழைப்புக்குரிய ஊதியமோ, தட்டை வாங்குவோர் கொடுக்கும் பணத்திலிருந்தே பெரிதும் வருகிறது. மேலும், இணையவழிப் படச்சேவைகள் இன்று காட்டும் படத்தை நாளை நீக்கிவிடலாம். கையிலுள்ள தட்டைத் தொலைவிலிருந்து யாரும் பறித்தல் இயலாது. இந்நியாயங்களை மறுத்தற்கில்லை.

பின் குறை எங்கேயுள்ளது? காத்தலிலன்று, காத்தபின் செய்வதிலேயே உள்ளது. திரைப்படத்தின் பயன் பார்க்கப்படுதலும், பார்த்தோரைக் குலுக்குதலுமாகும். குறிப்பிட்ட தொகையளவே அச்சிட்டு, உறைக்கு எண்ணிட்டு, விரைவில் கிடையாதுபோகுமென அறிவிக்கும்போது, அப்பயன் பின்தள்ளப்பட்டு விற்றுமாறும் மதிப்பே முன்னிற்கிறது. எத்தனை பிரதியும் எடுக்கக்கூடிய பொருளுக்குச் செயற்கைப் பஞ்சம் உண்டாக்கப்படுகிறது. உறை பிரிக்கப்படாத தட்டுக்குப் பிரித்த தட்டைவிட விலையதிகம் என்பது இவ்வணிகத்தின் விசித்திரம். பாராமையே இங்குச் செல்வமாகிறது. இதனோடு புளூ-ரே தட்டுக்கு உலகம் மூன்று வலயங்களாகக் கூறுபோடப்பட்டுள்ளது. வட அமெரிக்க வலயத்துக்கெனப் பூட்டிய தட்டு, தென்னாசிய வலயத்துக்குரிய கருவியில் இயங்காது. தணிக்கையாளன் ஒருவனுமின்றியே தடை நடைபெறுகிறது.

இன்னொன்றையும் மறைக்காது கூறவேண்டும். மீறல் அனைத்தும் கலகமன்று. ‘பிங்க் பிளமிங்கோஸ்’ படத்தில் ஒரு கோழி உண்மையாகவே கொல்லப்படுகிறது. போலி ஒழுக்கத்தையும் பகட்டையும் எள்ளுவது கலகம். வாய்திறந்து மறுக்க வல்லமையில்லாத உயிரை வதைப்பது பழைய வன்முறையே. யாருக்கு எதிராக மீறல் நிகழ்கிறது என்ற வினாவே இரண்டையும் பிரிக்கும் அளவுகோல். தணிக்கையாளனுக்கு இவ்வேறுபாடு தெரியவில்லை, அனைத்தையும் அழுக்கென்றான். தட்டை வழிபடும் சேகரிப்பாளனுக்கும் இது தெரிவதில்லை, அனைத்தையும் அருங்கலையென்கிறான். இருவரும் தீர்ப்பளிக்கும் கடமையிலிருந்து தப்பியோடுகின்றனர். படத்தை வெட்டாது முழுமையாகக் காப்பதே நேர்மை; ஆனால், முழுமையாகக் காத்ததை முழுமையாக விசாரிப்பதும் அந்நேர்மையின் பகுதியே. தெளிவாகப் புதுக்கப்பட்ட படத்திலே கொடுமையும் தெளிவாகவே தெரிகின்றதன்றோ?

ஆகவே, சேகரிப்பவரை நோக்கி நாம் கேட்பது துறவையன்று. வாங்குங்கள், காத்துவையுங்கள்; ஆனால் உறையைப் பிரியுங்கள். நண்பருக்கு இரவல் கொடுங்கள். உரிமையாளரின் அனுமதி பெற்றுத் திரைப்படக் கழகங்களிலே காட்டுங்கள். காட்டியபின் விளக்கைப் போட்டுவிட்டு விவாதியுங்கள். கல்லூரி நூலகங்களும் பொது நூலகங்களும் இப்படங்களைத் தகுந்த வயதினருக்குக் கிடைக்கச்செய்ய வேண்டுமென்று கோரும் உரிமை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உண்டு. தனியறையின் அரும்பொருள் பொதுமன்றத்தின் வாதப்பொருளாக மாறவேண்டும். அன்று மெகாஸ் கைதானது ஒரு படத்தை வைத்திருந்தமைக்காகவன்று. அதைப் பிறர் காணுமாறு திரையிட்டமைக்காகவே. அதிகாரம் எதற்கு அஞ்சியது என்பதை அவ்வழக்கு நமக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது.