முகமும் அகமும்

மணவூரில் அத்தை பெட்டியிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்து வந்தார். 2006இல் திருத்தணி மலைக்கோயிலில் நடந்த மகளின் திருமணம் அது. மேற்புறத்தில் மணமக்களின் வண்ணப்படமும் பெயரும் பளிச்சென்று இருந்தன. காலமான மாமா தாரை வார்த்துக் கொடுக்கும் காட்சியைக் காண விரும்பினார். தகடு சுழன்றது, படம் வரவில்லை.

"மேலே படம் அப்படியே இருக்கே, உள்ளே மட்டும் ஏம்ப்பா போயிடுச்சு?" என்றார். எனக்கு விடை வரவில்லை.

இத்தகைய தகட்டில் மெல்லிய சாயப் பூச்சில்தான் பதிவு நிற்கிறது. சாயம் நாளடைவில் கெடும். நாமோ மேற்புறத்தை அழகு செய்வதில் ஊக்கம் காட்டினோம். அச்சிடுவதற்கென்றே வெண்பூச்சுத் தகடுகள் வந்தன. 2004இல் அறிவிக்கப்பட்ட லைட்ஸ்கிரைப் முறையில், தகட்டைத் திருப்பி வைத்தால் ஒளிக்கதிரே பெயரை எழுதியது. அம்முறை வழக்கொழிந்தது. சாயத் தகட்டுக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் தாயோ யூதென் 2015இல் இத்தொழிலை விட்டது. தமிழ்ப் படங்களை மலிவாக வீடுதோறும் சேர்த்த மோசர் பேயருக்கு 2018இல் கலைப்பு ஆணை வந்தது.

பொருள் அழிவது இயல்பு. ஓலைச்சுவடியும் அழிந்தது. ஆனால் செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுத ஒருவர் இருந்தவரையில் நூல் வாழ்ந்தது. பெயர் எழுதிப் பெட்டியில் வைப்பது காப்பதாகுமா? அன்புக்கு அடையாளம் போதாது, உழைப்பும் வேண்டும்.

என் வீட்டிலும் தாயின் குரல் பதிந்த தகடு ஒன்று உண்டு. பெயரெழுதிய நாளுக்குப் பின் நான் அதைத் தொட்டதில்லை. ஊர் திரும்பியதும், செருப்பைக் கழற்றாமலே அலமாரியைத் திறந்தேன்.