உழைத்த களைப்பும் உள்ளத்து உவர்ப்பும்

ஸ்ரீ:



இரவெல்லாம் பயணம் செய்து, விடியற்காலையில் நீராடி, வெயிலில் வரிசையில் நின்று வந்திருக்கிறீர்கள். கால் கடுக்கிறது, கண் எரிகிறது. ஆயினும் வாத்திய கோஷம் முழங்க, பெருமாள் கருடவாகனத்தில் எழுந்தருளும்போது அந்தக் கடுப்பு போன இடம் தெரிவதில்லை. இது களைப்பு. உழைத்த உடலுக்கு இயல்பாக வருவது. இதே கூட்டத்தில் வேறொருவரும் இருக்கக்கூடும். நேற்று நன்றாக உறங்கினார், கால் வலிக்கவில்லை. ஆயினும் பெருமாள் எதிரே எழுந்தருளினாலும் நெஞ்சு நெகிழவில்லை. வீட்டில் வேலை, வெளியில் கடமை எல்லாவற்றையும் கை செய்கிறது. உள்ளம் எதிலும் ஒட்டவில்லை. இதுவும் களைப்புத்தானா, அன்றி வேறொன்றா என்பதைச் சிறிது சிந்திப்போம்.

காவேரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே திருக்குடந்தையில் ஆராவமுதன் பள்ளிகொண்டிருக்கிறான். அவனை ஸேவிக்கச் சென்ற திருமழிசையாழ்வாருக்குக் கண் நிறைவதற்கு முன்னே நெஞ்சு கலங்கிற்றாம். திருச்சந்தவிருத்தத்தில் அவர் எம்பெருமானை நோக்கி வினவுகிறார்: உலகங்களை அளந்து நடந்த திருவடிகள் நொந்து போயினவோ? வராகமாய்ப் பூமியைச் சுமந்து எடுத்த திருமேனி தளர்ந்ததோ? எதனால் இப்படிக் கிடக்கிறாய்? எழுந்திருந்து ஒரு வார்த்தை சொல்லலாகாதா? ஆழ்வாரின் விண்ணப்பத்துக்கு இரங்கி எம்பெருமானும் எழுந்திருக்கத் தொடங்கினான். அந்நிலையிலேயே இன்றும் உத்தான சயனத்தில் ஸேவை ஸாதிக்கிறான் என்பது பெரியோர் வாக்கு.

அனைத்துலகும் தாங்குகிறவனுக்குக் களைப்பு ஏது? இது ஆழ்வாருடைய பொங்கும் பரிவு. அப்பரிவின் முறையை நோக்குவோம். படுத்திருப்பவனைப் பார்த்து ஆழ்வார் முதலில் கேட்டது காரணத்தை. கால் நோவா, மேனி நோவா என்று பிரித்து விசாரித்தார். அயர்ந்து கிடப்பவரைக் கண்டவுடன் 'சோம்பல்' என்று முடிவு கட்டும் நமக்கு இது பெரிய பாடமன்றோ!

அந்த ஸந்நிதியே குதிரைகளும் யானைகளும் பூட்டிய கல் தேராக அமைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அத்தேர் மற்றொரு தேரை நினைப்பூட்டுகிறது. பாரத யுத்தத்தின் பதினான்காம் நாள். ஜயத்ரதனை அஸ்தமனத்துக்குள் முடிப்பதாகச் சபதம். பொழுதோ ஓடுகிறது. அந்த வேளையில் குதிரைகள் அம்பு தைத்துத் தாகத்தால் தவித்தன. கண்ணபிரான் சாட்டையை ஓங்கவில்லை. போர்க்களத்தின் நடுவிலேயே தேரை நிறுத்தினான். அர்ஜுனன் அம்பினால் பூமியைப் பிளந்து நீர்நிலை உண்டாக்கினான். பார்த்தஸாரதி தன் திருக்கைகளாலேயே அவற்றை அவிழ்த்து, தைத்த அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தேய்த்து, நீர் காட்டினான். களைப்பு நீங்கிய குதிரைகள் மீண்டும் உற்சாகத்தோடு ஓடின. ஒரு நாழிகை நிற்பதற்கே இடமில்லாத நாளில்கூட ஓய்வு வீண் என்று அவன் திருவுள்ளம் பற்றவில்லை.

அதே தேரில், யுத்தத்தின் முதல் நாள் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஓர் அம்பும் எய்வதற்கு முன்னே காண்டீபம் கையிலிருந்து நழுவிற்று, வாய் உலர்ந்தது, அர்ஜுனன் தேர்த்தட்டிலே அமர்ந்துவிட்டான். உழைத்த களைப்பன்று அது. நீரும் நித்திரையும் அதற்கு மருந்தாகா. கண்ணன் முதலில் சற்றுக் கடிந்தே பேசினான். அதனால் அவன் எழுந்துவிடவில்லை, போர் புரியேன் என்று மௌனமானான். பிறகே அவனுடைய கேள்விகளுக்கெல்லாம் இடங்கொடுத்து, பலனின் பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி, பதினெட்டாம் அத்தியாயம் வரை உபதேசிக்க வேண்டியதாயிற்று. முடிவிலும் 'மயக்கம் தீர்ந்ததா?' என்று அவனையே கேட்டான். நாம் பேசும் நிலையும் அர்ஜுனனுடைய விஷாதமும் முற்றும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. உறங்கி எழுந்தால் தீராத அயர்வும் உண்டு, அதற்கு வைத்தியம் வேறு என்பதற்கு இது சான்று.

இக்கால மனநூலாரும் இந்த வேற்றுமையைக் கண்டிருக்கின்றனர். 1974-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டாற்றியவர்களைக் கவனித்து, ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் அறிஞர் இதைப் பற்றி எழுதினார். மிகுந்த ஈடுபாட்டோடு தொண்டு செய்தவர்களே எண்ணெய் வற்றிய விளக்கின் திரிபோலக் கருகினார்கள் என்பதே அவர் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: சக்தியெல்லாம் வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி அதனிடத்தில் கசப்புக் கொள்ளுதல், தன்னால் எதுவும் உருப்படியாக ஆகவில்லை என்னும் எண்ணம். நெடுங்காலம் தீர்க்கப்படாத வேலைப்பளுவின் விளைவு என்றே சொல்லிற்று. அதை நோய்களின் வரிசையில் சேர்க்கவில்லை.

இதற்கு நம் தமிழில் பொருத்தமான சொல் ஒன்று உண்டு. உவர்ப்பு என்றால் உப்புக் கரிப்பு. வெறுப்பு என்றும் பொருள். உவப்பாக இருந்தது உவர்த்துப் போவதே இந்த நிலை.

சோழநாட்டு உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறுவையும் தாளடியும் கொடுத்த வயல் கோடையில் வெடித்துக் கிடக்கிறது. அது களைத்த வயல். தரிசில் உளுந்து தெளித்து, சில மாதம் விட்டுவைத்து, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வந்ததும் அதே மண் பசுமை கொள்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையோரத்து வயல்களில் ஏறிற்றே, அந்த வயல்களின் நிலை வேறு. அவற்றைச் சும்மா போட்டு வைத்தால் மட்டும் போதவில்லை. படிந்த சேற்றை அகற்றினார்கள், வடிகாலைத் திறந்தார்கள், நல்ல நீரைத் தேக்கித் தேக்கி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அங்கும் மீண்டும் நெல் விளைந்தது. உவர்த்த நிலம் கெட்ட நிலமன்று. உப்பை அது தானாக வரவழைத்துக் கொள்ளவுமில்லை.

அடியேன் அறிந்த மடைப்பள்ளிக் கைங்கர்யபரர் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தளிகை பண்ணியவர். உத்ஸவ காலங்களில் பின்னிரவு மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். இரவு கை தூக்க முடியாமல் படுப்பார். மறுநாள் சிரித்த முகத்தோடு வருவார். அது களைப்பு. சில ஆண்டுகளில், உடனிருந்த இருவரும் விலகினார்கள். அவர் ஒருவரே அனைத்தையும் பார்த்தார். சிறிது சிறிதாகப் பேச்சுக் குறைந்தது. பொங்கலில் உப்பு ஏறினாலும் 'இருக்கட்டும்' என்றார். மகள் வீட்டில் பத்து நாள் தங்கி உறங்கி வந்தார். மடைப்பள்ளி வாசற்படியைக் கண்டதும் பழைய பாரம் அப்படியே நெஞ்சில் ஏறிற்று. இன்னும் ஜபம் பண்ணும்படி சிலர் சொன்னார்கள். பெருமாளிடத்தில் பக்தி போய்விட்டதே என்று அவர் தனியே கண்ணீர் விட்டார்.

வயதான பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்டார்: "ஸ்வாமி, முன்பு இந்தத் தளிகைக்கு எத்தனை பேர்?"

"மூன்று பேர், ஸ்வாமி."

"இப்போது?"

"அடியேன் ஒருவன்."

"அப்படியானால் தேவரீருக்குக் குறைந்தது பக்தியன்று, நான்கு கைகள்."

துணைக்கு ஓர் ஆள் அமர்த்தப்பட்டார். வாரம் ஒரு நாள் ஓய்வு ஏற்பட்டது. உடனே எல்லாம் சரியாகவில்லை. பல மாதங்கள் சென்றன. ஒருநாள் அக்காரவடிசிலில் நெய் விடும்போது, "மணம் வருகிறது" என்றாராம். அந்த ஒரு சொல்லில் அவர் மீண்டு வந்தது தெரிந்தது.

ஆகவே அன்பர்களே, உங்களையே சோதித்துக் கொள்ளுங்கள். உறங்கி எழுந்ததும் வேலையில் விருப்பம் திரும்புகிறதா? அது களைப்பு. உண்பதிலும் உறங்குவதிலும் உழைப்பதிலும் அளவு வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் எம்பெருமானே அருளியிருக்கிறான். ஓய்வு கொள்ள வெட்கப்பட வேண்டாம். ஓய்ந்த பின்னும் முன்பு இனித்தது கசக்கிறதா? அது உவர்ப்பு. அதற்கு வடிகால் வெட்ட வேண்டும்: சுமையைப் பங்கிட வேண்டும், மனம் விட்டுப் பேச வேண்டும், முடியாததை முடியாது என்று சொல்ல வேண்டும். வேலைக்கு அப்பாலும் எங்கும் இருளே சூழ்ந்து, உயிர் வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுமானால், சிறிதும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது பக்திக் குறைவன்று.

படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளை, கடனோடும் தண்ணீருக்காகவும் போராடும் உழவரை, ஊர் திரும்பியதும் நினைத்துப் பாருங்கள். 'இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்பது அவர்கள் பலமுறை கேட்ட சொல். ஆழ்வார் கேட்டதைப்போல நாமும் 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்போம். கேட்டபின் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வோம். பாகவத கைங்கர்யம் என்பது இதுவுமாகும்.

தெவிட்டாத அமுதமான ஆராவமுதன், உவர்த்த நெஞ்சங்களில் மீண்டும் தித்திப்பானாக!

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.