மறைப்பும் அருளே

ஓவியத்தைக் காண்பது கண்ணோ உயிரோ? கண் சடமாகலின் தானே காணமாட்டாது. உயிரும் கண்ணொடு கூடினாலன்றிக் காணாது. கூடியவிடத்தும் இறைவன் காட்டினாலன்றிக் காணாது. காட்டும் உதவியும், உடன்நின்று காணும் உதவியும் அவனுடையன என்பது சித்தாந்தத் துணிபு. காட்டுதல் அருளாயின், மறைத்தல் யாதாகும்? இவ்வினா தஞ்சைப் பெரிய கோயிலின் ஓவியக் கூடத்துள் நின்று நோக்குவார்க்கு இயல்பாகவே எழும்.

முதலாம் இராசராசன் (985-1014) எடுப்பித்த அக்கோயிலிற் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றின் சுவர்களிற் சோழர்கால ஓவியங்கள் தீட்டப்பெற்றன. 17ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில், அவற்றின்மேற் சுதை பூசி வேறு ஓவியங்கள் வரைந்தனர். கீழே ஒன்று உண்டென்பதையே உலகம் மறந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் அப் பழைய வண்ணங்களைக் கண்டு அறிவித்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களுட் பதினாறனைச் சிதையாது பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகைகளிற் பதித்துத் தனிக்கூடத்தில் வைத்தனர். உட்சுற்று எல்லார்க்கும் திறந்ததன்று. ஆதலின் சோழர் ஓவியங்களைப் பலரும் ஒளிப்படங்களிலேயே காண்பர்.

இவ்வரலாற்றைக் கேட்போர், மேற்சுதை மலம், கீழோவியம் உயிர், பெயர்த்தெடுத்தல் மலநீக்கம் என உவமை கூறக்கூடும். அது பொருந்தாது. ஆணவம் செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே உள்ளது. மேற்சுதையோ இடையில் வந்தது. அன்றியும் அது அழுக்கன்று. மற்றொரு தலைமுறையார் தம் அன்பாற் செய்த பணி. அதனை அழித்தொழியாது, பெயர்த்துப் பேணியது அவ்வன்பை மதித்த செயலாகும்.

அம்மேற்சுதைக்கு ஒருபுடை ஒப்பாகத்தக்கது திரோதான சத்தியே. இறைவனது அச்சத்தி மலத்தைச் செலுத்தி, உயிர் உலகநுகர்ச்சியிற் செல்லுமாறு தன்னை மறைத்து நிற்கும். அதுபற்றி அதனையும் மலம் என உபசரித்துக் கூறுவர். உண்மையில் அஃது அருளே. மலம் பக்குவமெய்துங்காறும் மறைந்துநின்ற அதுவே, பக்குவம் வந்துழி அருட்சத்தியாய் விளங்கும். சுவரிலும், புகையையும் தூசியையும் மேற்சுதையே தாங்கியது. கீழோவியம் காட்சிக்கு மறைந்தது, இன்மையாகவில்லை.

அங்ஙனம் மறைந்திருந்த ஓவியங்களுள் ஒன்று சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு என்பது உளங்கொளற்பாலது. மணவினை நிகழும் வேளையில் முதிய வேதியராய் வந்த இறைவன், ஆளோலை காட்டி, நாயனாரைத் தன் அடிமை என்றான். நாயனார் அவனைப் பித்தன் என்று இகழ்ந்தார். ஓலையைப் பற்றிக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை காட்டப்பெற்று வழக்கில் தோற்றார். முதியவர் திருக்கோயிலுட் புகுந்து மறைந்த பின்னரே, வந்தவன் யாவன் என்பதை அறிந்தார். தன் உருவை மறைத்து வந்தமையாலன்றோ வழக்கிடவும், தோற்கவும், ஆட்படவும் அவர்க்கு இடமுண்டாயிற்று? ஓவியன் ஓலையேந்திய முதியவரைத் தீட்டினான். காலம் அவ்வோவியத்தையும் மறைத்தது.

எனினும் உவமையை எல்லை கடந்து கொள்ளலாகாது. சுவரில் மறைந்தன யாவும் பிழைத்தில, சில அழிந்தன. சுதை அறிவற்றது, எதனைக் காத்தோம் என அறியாது. இறைவனோ உயிரின் பக்குவமறிந்து மறைப்பவன், காலமறிந்து காட்டுபவன்.

ஆகலின், துன்பத்துள் அழுந்தி, அழைத்தும் விடைகாணாது, 'அருள் இல்லை போலும்' எனத் தளரும் அன்பர்க்கு அக்கூடம் கூறும் சொல் ஒன்றுண்டு. காணப்படாமை இன்மையன்று. மூன்று நூற்றாண்டுகள் அச்சுவரருகே விளக்கேந்திச் சென்றோர், அரைவிரற் கனமும் இல்லாத சுதைக்கு அப்பால் ஆளோலையேந்திய அம்முதியவர் நின்றதை அறிந்திலர். அவர் அறியாமையால் அவன் அகன்றானல்லன்.

திருச்சிற்றம்பலம்