மருந்து சாத்துதல்

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரிமோட் கார் ஒன்று சாலையோரக் கட்டையில் மோதினால், அதை 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் அந்த உயரம் நான்கு மடங்காகி 20 மீட்டரைத் தொடும். கையடக்கமான பொம்மை ஏன் இப்படிச் சிதறுகிறது என்று திகைக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கே விடை.

உடைந்த காரைக் கையில் எடுத்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது, எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட வேண்டும் என்பதுதான். டாமியா நிறுவனத்தின் டிடி-02 போன்ற கார்களின் அடிச்சட்டம் தொட்டி வடிவப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்குக் கார்பன் தகடு பூட்டுகிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கைகளைக் கழற்றிவிட்டு அலுமினியக் கைகளை மாட்டுகிறார்கள். அடுத்த மோதலில் கை உடைவதில்லை. ஆனால் அது வாங்க வேண்டிய அடி நேரே உள்ளே போய், கியர்பெட்டியையோ அடிச்சட்டத்தையோ பிளந்துவிடுகிறது. சில ரிங்கிட்டில் மாற்றியிருக்கக்கூடிய ஒரு துண்டைக் காப்பாற்றப் போய், காரின் உயிர்நிலையே போய்விடுகிறது.

அனுபவப்பட்டவர்கள் வேறு வழியில் போகிறார்கள். நைலான் கைகளை வெந்நீரில் கொதிக்க வைக்கிறார்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சினால் வளைந்து கொடுக்கும், காய்ந்துபோனால் சட்டென்று முறியும். விரிசல் விட்ட இடத்தில், அதன் நுனியில் ஊசித்துளை ஒன்று போடுகிறார்கள். கூர்மையான நுனியில் குவியும் விசை வட்டமான துளையில் பரவிவிடுவதால் விரிசல் அங்கேயே நிற்கிறது. மேற்கூட்டின் உட்புறத்தில் வலைத்துணி ஒட்டி, செருப்புக்குப் போடும் ரப்பர் பசையைத் தடவுகிறார்கள். உடனே இறுகும் பசை கண்ணாடிபோல் உடையும், ரப்பர் பசை இழுத்துப் பிடிக்கும். நெகிழ்ந்து கொடுப்பதே காக்கும் என்பதைத்தான் மெர்சிடிஸ் கார் பொறியாளர் பேலா பாரெனியும் கண்டார். ஆட்கள் அமரும் கூடு கெட்டியாகவும் முன்னும் பின்னும் நசுங்கிக் கொடுப்பதாகவும் அவர் வகுத்த அமைப்பு 1959-ல் சாலைக்கு வந்தது.

இந்த வேலைக்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. என்றாவது அழியப்போகும் ஒன்றை இவ்வளவு பாடுபட்டு உறுதிப்படுத்துவது பற்றா, கடமையா? தமிழ்ச் சமய மரபு இதற்கு இரண்டு குரல்களில் பேசியிருக்கிறது. உடலை நம்பாதே என்று இடித்துச் சொன்னவர் பட்டினத்தார். திருமூலரோ, உடம்பை ஒருகாலத்தில் இழுக்கென்று எண்ணியிருந்ததையும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுவதையும் திருமந்திரத்தில் சொல்கிறார். இரண்டும் உண்மை என்றால், அன்றாடத்தில் எப்படி நடப்பது?

ஆகமம் இதற்குச் செயலாலேயே பதில் சொல்கிறது. கருவறையில் மூர்த்தியையும் பீடத்தையும் பிணைப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடிக்கிறார்கள். இடிக்க இடிக்கச் சூடேறி, வெண்ணெய் கலந்து, மெழுகுபோல் இளகி வரும். அதைக் கயிறாகத் திரித்துப் பீடத்தைச் சுற்றி அழுத்துகிறார்கள். கல்லையும் கல்லையும் சேர்க்கும் பொருள் கல்லைவிட மென்மையானது. ஆண்டுகள் போனால் அதுவும் காய்ந்து வெடிக்கும், இடுக்கில் நீர் இறங்கும். அதனால்தான் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். இறைவன் இருக்கைக்கே மராமத்து தேவை என்று ஒப்புக்கொண்ட மரபு இது. அழியும் என்பதற்காக அது எதையும் கைவிடவில்லை. அழியாது என்று பொய்யும் சொல்லவில்லை.

ஜொகூர் பாருவில் இந்த எண்ணத்துக்குக் கண்கூடான வடிவம் இருக்கிறது. 1922-ல் சிறு கொட்டகையாகத் தொடங்கிய ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம், இன்று ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயில். பேங்காக் சென்றிருந்த தலைமைக் குருக்கள் அங்கே முச்சக்கர வண்டியில் போகும்போது, தொலைவில் ஒரு கோயில் வாசலின் கண்ணாடி வேலைப்பாட்டில் பட்டுத் தெறித்த ஒளியைப் பார்த்த கணத்தில் பிறந்த யோசனை என்று சொல்கிறார்கள். எளிதில் உடையும் பொருளால் ஒரு தலைமுறைக்கான கோயிலை எழுப்ப அவர்கள் தயங்கவில்லை. ஒரே பெரிய பலகை விரிசல் விட்டால் சுவரே போகும். விரலளவுத் துண்டுகளாகப் பதித்தால் சேதம் ஒரு துண்டோடு நிற்கும்.

மலேசியக் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்கு முந்தைய எண்ணெய்க்காப்பு நாளில், மருந்து சாத்தியபின், கருவறைக்கு வெளியே பக்தர்கள் வரிசையில் நிற்பார்கள். அன்று மட்டும் தங்கள் கையாலேயே மூர்த்திக்கு எண்ணெய் சாத்தலாம். தாத்தா முன்னே போவார். பேரன் விரல் நுனியில் எண்ணெயைத் தொட்டு, கல்லின் மேல் மெதுவாக, எங்கும் அழுத்தாமல் தடவுவான்.