பூச்சிக்கும் மனிதனுக்கும் பகை மூட்டியவர் யார்?

வீடின்றி மனிதன் தவிக்கும் நாட்டில் ஒரு பூச்சிக்குப் புகலிடம் தேடுவது நியாயமா? இயற்கைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இவ்வினாவும் உடன் எழுகின்றது. கல்முனைக் கரையில் வாழ்வோர் இதனைக் கேட்கக் காரணமுண்டு. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோரத் தெருக்கள் அழிந்தன. எஞ்சியோர் தம் வளவுக்குத் திரும்பிய போது, கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி அவர்களை மறித்தது. மீனவனின் குடிசைக்குத் தடை, உல்லாச விடுதிக்குச் சலுகை என்ற குற்றச்சாட்டு அன்று பரவலாக எழுந்தது. விதி பின்னர் தளர்த்தப்பட்டது. மனத்தில் விழுந்த வடு ஆறவில்லை. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை ஏழை மக்கள் ஐயத்துடன் நோக்குவதில் வியப்பென்ன?

எனினும், இவ்வினாவுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கின்றது. மனிதனும் பூச்சியும் ஒரே கவளத்துக்குப் போட்டியிடுகின்றனர் என்பதே அது. இஃது உண்மைதானா என்பதைத் தொலைதூரக் கடற்கரை ஒன்றிலே சோதித்துப் பார்க்கலாம்.

வேல்ஸ் நாட்டின் வடகரையில் ‘கிரேட் ஓர்ம்’ என்னும் சுண்ணாம்புக்கல் முனை கடலுக்குள் நீண்டு கிடக்கின்றது. ‘சில்க்கி வேவ்’ எனப்படும் அந்துப்பூச்சி பிரித்தானியாவில் வாழும் மிகச் சில இடங்களுள் அதுவும் ஒன்று. சிறகை விரித்தாலும் இரண்டு சென்ரிமீற்றர் அளவே தேறும். பாறைகளிடையே படரும் மஞ்சட்பூச் செடியொன்றை அண்டியே அதன் புழு வளர்கின்றது. ஆடுகள் மேயாது விட்டால் புதர் மண்டும். புதரின் நிழலிற் சிறு செடி மடியும். செடியோடு பூச்சியும் மடியும். ஆகவே அப்பூச்சியின் உயிர் இடையனின் உழைப்பிலே தொங்குகின்றது. 2015இல் அங்குள்ள பார்க் பண்ணையை நாட்டு மரபுக் காப்பு நிறுவனம் ஒன்று பத்து இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. ஆண்டுக்கு ஒரு பவுண் வாடகைக்கு அதனை ஓர் இடையரிடம் ஒப்படைத்தது. வேலியிட்டு மனிதரை விரட்டவில்லை. மந்தையோடு வருமாறு அழைத்தது.

செல்வம் மிக்க நாட்டின் தனியொரு நிறுவனம் காட்டிய சலுகை அது. அதனை அப்படியே இங்கு நட்டுவிட முடியாது. ஆயினும் ஓர் உண்மை தெளிவாகின்றது. பூச்சிக்கும் உழைப்பாளிக்கும் இயல்பான பகை இல்லை. நிலத்தை யார் ஆள்வது, யாரைக் கேட்டு விதி செய்வது என்பதிலேயே பகை பிறக்கின்றது.

‘இப்பூச்சியால் யாருக்கு என்ன பயன்?’ என்று மேலும் கேட்கலாம். மனிதன் பயன் கண்ட அந்துப்பூச்சி ஒன்று உண்டு: பட்டுப்பூச்சி. ஆயிரமாயிரம் ஆண்டுகள் அவன் கையில் வளர்ந்து, இன்று பறக்கும் ஆற்றலையே இழந்து நிற்கின்றது. பயனை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால் உயிருக்கு என்ன நேரும் என்பதற்கு அதுவே சாட்சி. உழைப்பாளியையும் அதே கோலால் அளக்கும் சமூகத்தை எதிர்க்கும் நாம், உயிர்களை அளக்க அந்தக் கோலையே கையிலெடுப்பது எவ்வாறு?

பூமிக்கு எந்தச் சமுதாயமும் உடைமையாளன் அன்று. அனுபவித்து, அடுத்த தலைமுறைக்கு மேம்படுத்திக் கையளிக்க வேண்டியவனே என்ற கருத்தை மார்க்ஸ் ‘மூலதன’த்தின் மூன்றாம் பாகத்தில் முன்வைத்தார். நம் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு வழங்கும் சொல் ‘அமானிதம்’. அமானிதப் பொருளை அழிக்க எவருக்கும் உரிமையில்லை. அதன் பெயரால் அயலானை வீட்டிலிருந்து வெளியேற்றவும் உரிமையில்லை.

ஆதலால், மாணவர் அவ்வினாவை மீண்டும் கேட்கும்போது ஆசிரியர் அதனை அடக்கிவிட வேண்டாம். திருத்திக் கேட்கக் கற்பிக்கட்டும். பூச்சியா மனிதனா என்பதன்று வினா. இருவரையும் ஒரே கரையில் வாழவிடாத ஏற்பாடு எது? அதனை மாற்றப்போவது யார்?