வேல் போலத் தேடுவோம்



"நொய்யல் கரையில 10,000 வருஷ முருகன் கோயில்!"னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. யோசிக்காம நாலு குரூப்புக்கு அனுப்பிட்டேன். அப்பா கேட்டது ஒண்ணுதான்: "நீ பாத்தியா கண்ணு?"

அந்த ஞாயிறு சென்னிமலை ஆண்டவரைக் கும்பிட்டுட்டு, நொய்யல் கரைக் கொடுமணலுக்குப் போனேன். அங்கே அகழாய்வில் கிடைத்தவை இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிகள், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த கரியை ஆய்வகத்தில் அளந்தபோது, காலம் கி.மு. 3345 வரை போனது. 2025 ஜனவரியில் தமிழக அரசே அறிவித்தது. வேல் வடிக்கிற இரும்புக்கே இவ்வளவு பெருமை இருக்கு. இதுக்கு மேல பொய் எதுக்குங்க?

வேல்னா ஞானம், அதுக்கு ஆழம், அகலம், கூர்மை மூணும் உண்டுன்னு பெரியவங்க சொல்வாங்க. அகழாய்வும் அப்படித்தான். அடுக்கடுக்கா ஆழத் தோண்டணும், அகலமாத் தேடணும், துளிக் கரியையும் கூர்மையாப் பார்க்கணும்.

நாலு குரூப்பிலும் "நான் அனுப்பினது தப்பு, மன்னிச்சுக்கங்க"ன்னு போட்டேன். வெட்கமாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரி விளக்கு முன்னாடி நின்னப்போ மனசு லேசாச்சு.

அடுத்த ஃபார்வர்டுக்கு முன்னாடி வேலவனை நினைச்சு ஒரு தடவை கேளுங்க: "நான் பாத்தேனா?"

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!