மறைத்து விற்காதே, பெயர் மாற்றாமல் கைமாற்றாதே

தம்பி, பைக்கை விற்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். விற்றுக்கொள். ஆனால் உன்னிடம் வாங்குகிறவன் நாளைக் காலையில் அதை எந்த இறக்கத்தில் ஓட்டப்போகிறான் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு விற்றுக்கொள். நமுனுகுலையிலிருந்து பசறைக்கு இறங்குவானா? மடுல்சீமையிலிருந்து வருவானா? அப்புத்தளையில் ஏறி, பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய வரை போவானா? ஊவாவில் சமதரையில் மட்டும் ஓடுகிற பைக் என்று ஒன்று கிடையாது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் செத்துப்போனார்கள். தங்காலையிலிருந்து சுற்றுலா வந்துவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். அந்த வீதியிலும் அதைவிட மோசமான தோட்டத்துப் பாதைகளிலும்தான் நாம் மனைவியைப் பின்னால் ஏற்றி, பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு போகிறோம்.

பிரேக் பிடிக்காது என்று தெரிந்தும் சொல்லாமல் விற்றால், அது வியாபாரச் சாமர்த்தியம் ஆகாது. உயிரோடு விளையாடுவது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை.

என்னென்ன செய்து விற்கிறார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆள் வருவதற்கு அரை மணித்தியாலம் முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது. குளிரில் ஸ்டார்ட் ஆகாத குறை அதில் மறைந்துவிடும். எஞ்சினில் சத்தம் கேட்டால் தடித்த ஒயிலை ஊற்றுவது. வெடிப்பு விழுந்த டயருக்குக் கறுப்புப் பொலிஷ். மீட்டரைத் திருப்பி விடுவது. தேய்ந்துபோன பிரேக் ஷூவுக்குக் கம்பியை இறுக்கிவிட்டால் லயத்து முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்கும் வரை நன்றாகவே பிடிக்கும். அந்தப் பையன் ஊர் போய்ச் சேர்ந்து, மழை பெய்த பாதையில் முதல் வளைவில் மிதிக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

வாங்க வருகிறவன் யார் என்று பார். பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துப் பையன்தான். கைலேஞ்சியில் முடிந்த காசோடு அப்பாவும் கூட வருவார். அவர் பைக்கைப் பார்ப்பதைவிட உன் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார், ஏனென்றால் அவருக்கு எஞ்சின் தெரியாது, ஆளைத்தான் தெரியும். அவரிடம் வாய் திறந்து சொல்: “ஐயா, பின் பிரேக் ஷூ மாற்ற வேண்டும், செயின் செட் இன்னும் கொஞ்சக் காலம்தான் தாங்கும், போன வருஷம் ஒருதரம் விழுந்து ஃபோர்க்கை நிமிர்த்தியிருக்கிறேன்.” சொன்னால் ஐயாயிரமோ பத்தாயிரமோ குறையும். குறையட்டும். அல்லது அந்தக் காசுக்கு நீயே ஷூவை மாற்றிக் கொடு.

விலை ஏற்கெனவே உன் பக்கம்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இடையில் ஏறக்குறைய ஐந்து வருஷம் வெளிநாட்டிலிருந்து புதுப் பைக் இறக்குமதியாகவில்லை. ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத பழைய பிளாட்டினாவும் டிஸ்கவரும் தங்கம் மாதிரி விலை போயின. அவ்வளவு விலை வாங்குகிற கையால் உண்மையையும் சேர்த்துக் கொடுப்பது பெரிய தியாகமா?

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, சேற்றிலிருந்து தோண்டியெடுத்த வண்டியைக் கழுவித் துடைத்து விற்கிறவர் இருந்தால், அதைச் சொல்லி விற்க வேண்டும். தண்ணீர் போன வயரிங் ஒருநாள் இரவு அப்புத்தளைப் பனிமூட்டத்துக்குள் லைட்டை அணைத்துவிடும். நாம் எல்லோரும் இழந்தவர்கள்தான். அதற்காக இழப்பை இன்னொரு லயத்துக்காரன் தலையில் கட்டிவிடலாமா?

அடுத்தது ‘ஓபன் பேப்பர்’. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பெயர் எழுதாத, திகதி போடாத படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி ஒரு கையிலிருந்து மூன்று, நான்கு கைக்குப் போகிறது. பதிவுப் புத்தகத்தில் இன்னும் முதல் ஆளின் பெயர். அவர் கட்டாருக்கோ சவூதிக்கோ போயிருப்பார், அல்லது கொழும்பில் கடையில் நிற்பார், அல்லது செத்தே போயிருப்பார். கடைசியாக வாங்கியவன் பெயர் மாற்றப் போகும்போது கையெழுத்து சரியில்லை, அடையாள அட்டைப் பிரதி இல்லை என்று அலைகிறான்.

மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது தெளிவானது. வண்டி கைமாறி 14 நாட்களுக்குள் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரும் அதே காலத்துக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்குகிறவருக்கு எம்.டி.ஏ. 6 படிவம், விற்கிறவருக்கு எம்.டி.ஏ. 8. நாம் முதலாவதில் கையெழுத்து வைத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். விற்றவனைக் காப்பாற்றுகிற தாள் அந்த இரண்டாவதுதான்.

விற்றாயிற்று, காசு வந்தாயிற்று, இனி எனக்கென்ன என்று இருந்துவிடாதே. அந்தப் பைக்கில் யாரோ ஒருவன் ஆளை இடித்துவிட்டு ஓடினால், திருட்டுச் சாமான் ஏற்றினால், பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் இருக்கிற பெயரைத்தான். அதிலும் நம் நிலைமை வேறு. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கே கிடந்து, யாரோ ஒருவர் கையில் நாள் கடந்து வந்து சேருகிறது. பசறைப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் நடந்தது. விற்று இரண்டு வருஷமான பைக்குக்கு நீதிமன்ற அழைப்பு, அதுவும் தவணை முடிந்த பிறகு. அந்தத் தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாத நகரத்தில் சட்டத்தரணியைத் தேடி நடந்தார். மகன் பதினைந்து நிமிடம் செலவழித்து ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் அந்த நடை இல்லை.

ஆகவே வாங்குகிறவனையும் கூட்டிக்கொண்டு திணைக்களத்துக்குப் போ. இருவரின் அடையாள அட்டைப் பிரதி, விற்ற திகதி, நேரம், தொகை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். லீசிங் முடியாத வண்டி என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல். லீசிங் கொம்பனி முழு உரிமையாளராகப் புத்தகத்தில் இருக்கும்வரை அந்த வண்டி உன்னுடையதே அல்ல. வாங்கியவன் காசையும் கொடுத்து, ஒருநாள் வண்டியைப் பறித்துப் போக வரும் சீஸ்காரனிடம் சாவியையும் கொடுத்துவிட்டு நடந்து வருவான்.

சரி, விற்ற காசுக்கு எதை வாங்குவது? இங்கே உன்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற அம்மாவின் சேமலாப நிதிக் காசைக் கேட்டு அடம் பிடிக்காதே. முப்பது வருஷம் அட்டை கடித்த காலின் காசு அது. தோட்டச் சம்பளத்தை நம்பித் தவணையிலும் இறங்காதே. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அப்போதைய கணக்கில் இருபது நாள் பேர் விழுந்தால் 27,000. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போனால் 24,840. அப்படியான வரும்படியை நம்பி ஒரு பல்சருக்கோ எப்.இசட்டுக்கோ மாதம் பதினைந்தாயிரம் தவணை கட்டினால் வீட்டில் என்ன மிஞ்சும் என்று நீயே கணக்குப் பார். தங்கையின் டியூஷன் காசுதான் முதலில் நிற்கும்.

நம் பாதைக்கு 100, 125 சீசீ பைக் போதும். பதுளையில் எந்தக் கராஜிலும் அதற்குச் சாமான் கிடைக்கும், தோட்டத்துப் பையனே கழற்றிப் பூட்டுவான். ஸ்கூட்டர் ஓட்டச் சுலபம், தங்கச்சிமாருக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் நீண்ட இறக்கத்தில் கியர் பைக்கை இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்துக் குறைக்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு, பிரேக்கையே நம்பி இறங்க வேண்டும். பிரேக் சூடேறினால் பிடிப்பும் போகும். சில்லும் சின்னது, கல்லுப் பாதையில் துள்ளும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையில் வேலைக்குப் போகிறவர் இதை யோசித்தே ஆக வேண்டும்.

வாங்கப் போகும்போது எஞ்சினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திரு. எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடு. ஏற்றத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசை எடுக்காதே, இறக்கத்தில் ஓட்டு. புத்தகத்தில் பெயருள்ள ஆள் நேரில் வராத வண்டியைத் தொடாதே, எவ்வளவு மலிவு என்றாலும். மிச்சமிருக்கிற காசில் இரண்டு நல்ல ஹெல்மட் வாங்கு, ஒன்று பின்னால் உட்காருகிறவருக்கு.

உன் பைக்கைப் பார்க்க நாளைக்கு ஆள் வருகிறாரா? அப்படியென்றால் இன்று பின்னேரமே பின் சில்லைக் கழற்றி ஷூவைப் பார்த்துவிடு, தம்பி. இரண்டு படிவத்தையும் எடுத்து வை.